பழைய பட்ஜெட் கேமிங் பிசி: எந்தப் பார்ட்டில் காசு போடலாம், எதில் போடக் கூடாது

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் முப்பதாயிரத்துக்குள் அடக்கிக் கட்டின கேமிங் பிசி இப்போது திணறுகிறது என்றால், நேரே கடைக்குப் போய் "அண்ணாச்சி, இதுக்கு ஒரு நல்ல கார்டு போட்டுக் குடுங்க" என்று கேட்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் வேலை. அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பெட்டியில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம், இப்போது காசு போடுகிற பார்ட் நாளைக்குப் புதுப் பெட்டி கட்டினாலும் கூடவே வருமா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை), எஸ்எஸ்டி (ஹார்டுடிஸ்கை விட வேகமான சேமிப்பு), கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர், கேபினெட் எல்லாம் கூட வரும். டிடிஆர்3 என்கிற பழைய வகை ராமும், பழைய சாக்கெட்டில் (மதர்போர்டில் சிபியூ உட்காரும் இடம்) போடுகிற சிபியூவும் வராது, அந்த மதர்போர்டோடு அவற்றின் கதையும் முடிந்துவிடும். எதை மாற்றலாம் என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் விடாமல் சொல்வது இதைத்தான்.

அளந்து பார்க்கக் காசு வேண்டாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, கூடவே வரும் ரிவா டியூனரையும் போட்டு, ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) சதவீதம், சிபியூவின் ஒவ்வொரு கோரின் சதவீதம், ராம், கார்டின் விராம் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி), இரண்டின் சூடு, இவை எல்லாம் கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆடுகிற கேமையே அரை மணி நேரம் ஆடுங்கள். ஜிபியூ 95-க்கு மேலேயே நிற்கிறது, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) மட்டும் குறைவு என்றால் தடை கார்டில்தான். ஜிபியூ 50, 60 என்று சும்மா கிடக்க, சிபியூ கோர்களில் ஒன்றோ இரண்டோ 100-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் தடை சிபியூவில். இங்கே மொத்த சிபியூ சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, மொத்தம் 60 என்று காட்டும்போதே ஒரு கோர் முழுசாக முட்டிக்கொண்டு நிற்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு, ஏறவே இல்லை என்றால் சிபியூ. வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி கேம்கள் சிபியூவைத்தான் அதிகம் கேட்கும், அதை ஆடுகிறவர் பெரிய கார்டு வாங்கிப் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று முழிப்பது அதனால்தான். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அரை நொடி உறைந்து நிற்கிறது என்றால் அது வேறு. ராம் நிரம்பியிருக்கும், இல்லை விராம் நிரம்பியிருக்கும், இல்லை கேம் இன்னும் ஹார்டுடிஸ்கில் இருக்கும். விராம் என்றால் டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்குங்கள், அதிலேயே சரியாகிவிடலாம்.

இனி சூடு. நம்ம நெல்லைப் பக்கத்தில் இதைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. கத்திரி வெயிலில் மத்தியானம் ஓட்டுக்கூரைக்குக் கீழே, தார்சு வீட்டின் மாடி அறையில், பெட்டிக்குள் போகிற காற்றே சுடுகிற காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும். திசையன்விளை, இட்டமொழி பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் சிபியூ ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சிவப்பாகத் தேரி மண் படிந்து, தலைமுடியும் பஞ்சும் அதோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு படலமாக மூடியிருக்கும். ஃபேன் சுற்றும், காற்று உள்ளே போகாது. சிபியூ 90 டிகிரிக்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் பலர் "பிசி பழசாயிட்டு" என்கிறார்கள்.

ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், பிளோவரால் அடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். சிபியூவில் காய்ந்து பொருக்காகிப்போன பழைய தெர்மல் பேஸ்டை (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். இன்டெல்லின் கூடவே வந்த கூலர் என்றால் நாலு பின்னும் போர்டின் பின்பக்கம் வரை இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், ஒரு பின் தூக்கிக்கொண்டு நின்றாலே சூடு இறங்காது. இதைச் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். பழைய பட்ஜெட் பெட்டிகளில் காசு மிச்சம் பிடித்த இடம் பெரும்பாலும் இதுதான், கேபினெட்டோடு சும்மா வந்தது. மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் சிபியூவும் சாப்பிடுவது இந்த 168-இல் இருந்துதான். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 125 வாட், சிபியூ 65 வாட், இரண்டும் சேர்ந்தாலே 190 ஆகிவிட்டது. லோடு ஏறும்போது பிசி தானாக அணைந்து அணைந்து எரிவது இந்தக் கணக்கு உதைப்பதால்தான். ஹார்டுடிஸ்குக்கான பழைய மோலக்ஸ் வயரில் கன்வர்ட்டர் போட்டு கார்டுக்குக் கரண்ட் இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம், வயர் உருகி கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கிராமத்துப் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கிறது. பம்புசெட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் நன்றாக இறங்கும். மலிவான எஸ்எம்பிஎஸ் பலவும் 200-இல் இருந்து 240 வோல்ட் வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் அமைப்பு) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 100-240 என்று போட்டிருக்கும். வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, கரண்டை எவ்வளவு வீணாக்காது என்பதற்கான தரச் சான்று), 550 வாட், தெரிந்த கம்பெனி, ஐந்து வருஷம் வாரண்டி, இது போதும், அடுத்த பெட்டிக்கும் அதுவே ஓடும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? பிளக்பாயிண்டில் எர்த் இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எஸ்எஸ்டி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் இன்னும் ஹார்டுடிஸ்கில் இருந்தால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது, ஆனால் பூட் ஆவதும் கேம் லோடு ஆவதும் நடுவில் உறைந்து நிற்பதும் தலைகீழாக மாறிவிடும்.

ராமில்தான் கவனம். அம்பாசமுத்திரத்தில் என் அத்தை மகன் பெட்டியில் சிபியூ ரைசன் 3 2200ஜி, கார்டு கிடையாது, உள்ளேயே இருக்கிற வேகா கிராஃபிக்ஸ்தான், 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக. ஜிடிஏ 5 ஆடினால் தெருவில் வேகமாக வண்டி ஓட்டும்போதெல்லாம் நின்று நின்று வருகிறது, "மச்சான், ஒரு கார்டு வாங்கணும்" என்று போன் போட்டான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் மூன்று விஷயம் தெரிந்தது. இருக்கிற 8-இல் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் ஒதுக்கி வைத்துக்கொண்டது, மிச்சம் இருந்தது முழுக்க நிரம்பியிருந்தது, ஸ்லாட் இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருந்தது. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒற்றைக் குச்சி என்றால் ஒரு சேனல், அதன் வேகம் பாதிதான். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி மட்டும் வாங்கிப் போட்டோம். கார்டு வாங்கும் யோசனையை அவனே தள்ளிப்போட்டுவிட்டான்.

ஆனால் 2025 கடைசியில் இருந்து ராம் விலை கண்டபடி ஏறிக் கிடக்கிறது. அதனால் 16 ஜிபி இருக்கிறவர் 32-க்குப் போக வேண்டியதில்லை. டிடிஆர்3 போர்டுக்குப் புது ராம் வாங்குவதும் வேண்டாம், யாரிடமாவது பழையது கிடைத்தால் மட்டும் போடுங்கள்.

இப்போது சிபியூ. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள், ஆகவே உங்கள் போர்டு எது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

எச்61 என்கிற பழைய இன்டெல் போர்டும் ஐ5-3470 சிபியூவும் என்றால், மன்னிக்கவும், அது முடிந்த கதை. ஐ7-3770 போட்டால் நாலு கோர், எட்டு திரெட் கிடைக்கும் என்று தேடிப் போவார்கள். அதில் ஏவிஎக்ஸ்2 (சிபியூவுக்குள் இருக்கும் ஒரு கட்டளைத் தொகுப்பு) கிடையாது, அது இல்லாமல் திறக்கவே திறக்காத புதுக் கேம்கள் வந்துவிட்டன. இந்தப் பெட்டிக்கு எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், முடிந்தால் ஒரு கார்டு, அவ்வளவுதான். மூன்றும் நாளைக்குக் கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடியவை. போர்டு, சிபியூ, ராமுக்கான காசைச் சேர்த்து வையுங்கள்.

ஐ5-6500 மாதிரி ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல்லும் கிட்டத்தட்ட அதே நிலைதான், நாலு கோருக்கு மேல் போக வழியில்லாத போர்டுகள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் (இரண்டும் பெட்டியின் பாதுகாப்பு வசதிகள்) வேண்டும், இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்4 (ஏஎம்டியின் ரைசன் சிபியூ உட்காரும் சாக்கெட்) போர்டு வைத்திருக்கிறவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். 2018-இல் 2200ஜி போட்டு வாங்கின பி450 போர்டில் இன்றைக்கு ரைசன் 5 5600 போடலாம், ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட், ராமை மாற்ற வேண்டாம், போர்டை மாற்ற வேண்டாம். 2200ஜி விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது, அந்தப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. ஏ320 போர்டுகளிலும் பலவற்றுக்கு இது நடக்கும், போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி சிபியூ சப்போர்ட் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க சாஃப்ட்வேர்) வெர்ஷன் வேண்டும் என்று பாருங்கள். பழைய சிபியூ உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், அதன் பிறகுதான் மாற்ற வேண்டும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் லைன் நிறுத்துகிற நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 5600-க்கு உள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாதவர் போட்டால் திரையில் ஒன்றும் வராது, அவருக்கு உள் கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி.

கடைசியாகக் கார்டு. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், 1080பி என்றால் ஆர்எக்ஸ் 6600-க்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை. 8 ஜிபி விராம், 132 வாட், ஒரு 8 பின் கேபிள் போதும். எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியாதவருக்கு, தனி பவர் கேபிள் கேட்காத 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது, ஆனால் அதிலும் சில மாடல்கள் 6 பின் கேட்கும், படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆபீஸில் கழித்து வருகிற மெலிந்த பிராண்டட் பெட்டி என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும், எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் பலவற்றில் தனி மாதிரி, கடை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் பழைய போர்டுக்கு வேண்டாம். அதற்குப் போர்டோடு டேட்டா மாற்றிக்கொள்ள நாலு பாதைதான் (பிசிஐ லேன்) இருக்கிறது, பிசிஐ 4.0 இல்லாத போர்டில் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கும்.

செகண்ட்ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 நிறையக் கிடைக்கும். 900, 1000 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஏ 5, வேலரன்ட் மட்டும் போதும் என்பவருக்கு இதனால் ஒன்றும் கெடவில்லை, புதுக் கேம் வாங்குகிறவர் 1650-இல் இருந்து பார்க்கட்டும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் இப்போதைய கார்டுகளில் அந்த ஓட்டையே கிடையாது, எச்டிஎம்ஐ-யில் இருந்து விஜிஏ-வுக்கு மாற்றுகிற கன்வர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும்.

நெல்லையிலோ மதுரையிலோ நேரில் வாங்கினால் பிசியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியூ-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்கள், பழைய கார்டில் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பதை அது கண்டுபிடித்துக் காட்டிவிடும். ஒரு கேமையோ, கார்டுக்கு முழு லோடு கொடுக்கும் ஃபர்மார்க் சாஃப்ட்வேரையோ பதினைந்து நிமிஷம் ஓட விட்டு, திரையில் புள்ளி, கோடு வருகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது, எல்லா ஃபேனும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறீர்கள் என்றால், சீரியல் நம்பரோடு கார்டு ஓடுகிற வீடியோவை வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள், முழுப் பெட்டியாக அனுப்பினால் கார்டைக் கழற்றித் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், வழியில் குலுங்கும்போது கனமான கார்டு போர்டின் ஸ்லாட்டை உடைத்துவிடும். வந்ததும் பார்சலைப் பிரிப்பதில் இருந்தே வீடியோ எடுங்கள்.