பிளஸ் டூ எகனாமிக்ஸ்: கரையில் நின்றே பாதி படிக்கலாம்

எகனாமிக்ஸ் எடுத்தவர்களில் பலர் கணக்குக்குப் பயந்து வந்தவர்கள்தான், அது பரவாயில்லை. ஆனால் வந்த இடத்தில் நோட்ஸை வரிக்கு வரி உருப்போட ஆரம்பித்தால் அரையாண்டுக்குள் வெறுத்துவிடும். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு, பாடத்தில் வருகிற நிறைய விஷயம் மீன் ஏலத்தில் கண்ணெதிரே நடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறங்கள்.

தேவை, அளிப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகில் பிடிபடுகிற மீன் மட்டும்தான், மீன் விலை ஏறுகிறது. இதை விடைத்தாளில் எழுதச் சொன்னால், "விலை ஏறியதால் தேவை குறைந்தது" என்று இரண்டு கோடுகளையும் நகர்த்தி வைப்பார்கள். நகர்வது அளிப்புக் கோடு மட்டும், இடப்பக்கமாக. வாங்குகிறவர்கள் அதே தேவைக் கோட்டில் மேலே ஏறிக் குறைவாக வாங்குகிறார்கள், அதற்குப் பெயர் தேவைச் சுருக்கம். தேவைக் கோடே நகர விலை அல்லாத வேறு காரணம் வேண்டும், புரட்டாசி மாதிரி. படத்தில் கிடை அச்சில் அளவு, செங்குத்து அச்சில் விலை என்று எழுதி, இரண்டு கோடும் வெட்டுகிற சமநிலைப் புள்ளியைப் பழையதும் புதியதுமாகக் குறியுங்கள். அச்சுக்குப் பெயர் இல்லாத படம் வெறும் கோலம்தான்.

காலத்தைப் பொறுத்து அளிப்பு மாறுவதற்கு வேறு உதாரணமே தேட வேண்டாம். காலையில் இறங்கிய கணவாயை விலை படியவில்லை என்று திரும்பக் கடலில் விட முடியுமா? ஐஸ் தாங்கும் வரைதான் பேரம். அதனால் அன்றைய அளிப்புக் கோடு கிட்டத்தட்ட நேர் செங்குத்து. சில மாதத்தில் இருக்கிற படகும் வலையும் கூடுதலாக ஓடும், வருடக்கணக்கில் போனால் புதுப்படகே கட்டுவார்கள். 1890இல் பொருளியல் அறிஞர் மார்ஷல் இந்தக் கால வேறுபாட்டை விளக்கியதும் மீன் தொழிலை வைத்துத்தான், நம்மூர்ப் பிள்ளை இதில் மார்க் விடக்கூடாது.

நாட்டு வருமானத்துக்குக் கருவாடு போதும். 100 ரூபாய்க்கு ஏலம் போன மீன் கருவாடாகி 160க்குக் கைமாறி, கடையில் 200க்கு விற்கிறது. மூன்றையும் கூட்டி 460 என்றால் அதுதான் இரட்டைக் கணக்கீடு. ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பை மட்டும் சேருங்கள்: 100, 60, 40, மொத்தம் 200. (டீசல், ஐஸ், உப்புச் செலவை எளிமைக்காக விட்டிருக்கிறேன்.) தடைக்கால நிவாரணமும் வீட்டுக்கு வருகிற பணம்தான், ஆனால் பதிலுக்குப் பொருளோ சேவையோ கொடுக்காததால் அது மாற்றுச் செலுத்துதல், நாட்டு வருமானத்தில் சேராது.

பொருளியல் அறிஞர் கெயின்ஸின் பெருக்கியை (புதிதாக வந்த பணம் மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பது) சூத்திரமாக மட்டும் படிக்காதீர்கள். கூடுதலாக வந்த 100 ரூபாயில் 80 செலவானால் எம்பிசி, அதாவது கூடுதல் வருமானத்தில் செலவாகிற பங்கு, 0.8, பெருக்கி 5. அந்த 80 மளிகைக்கடைக்காரரின் வருமானம், அவர் செலவழிக்கும் 64 அடுத்தவருடையது, பிறகு 51.20. முதல் 100ஐயும் சேர்த்து நாலைந்து சுற்று எழுதிக் கூட்டிப் பாருங்கள், 500ஐ நோக்கிப் போவது தெரியும்.

உருப்போட வேண்டியதும் உண்டு, மறுக்கவில்லை. ரிசர்வ் வங்கி 1935, அது நாட்டுடைமையானது 1949. 1969இல் நாட்டுடைமையானவை 14 வங்கிகள், 1980 ஏப்ரல் 15இல் இன்னும் 6 (தடைக்காலம் தொடங்கும் அதே தேதி, மறக்காது). ஐஎம்எஃப், உலக வங்கிக்கு வித்திட்ட பிரெட்டன் வூட்ஸ் மாநாடு 1944, உலக வணிக அமைப்பு 1995. இதெல்லாம் ஒரு மார்க் சமாச்சாரம், பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம்.

90 மார்க் தாளில் ஒரு மார்க் 20, அப்புறம் இரண்டு, மூன்று, ஐந்து மார்க்கில் ஏழேழு எழுத வேண்டும். ஐந்து மார்க் மட்டுமே 35, அதனால் படம் வருகிற கேள்விகளை நேரம் வைத்து எழுதிப் பழகுங்கள்.

கடைசிப் பாடம் புள்ளியியல், கணக்கு என்று பலரும் தள்ளி வைப்பது. தள்ளாதீர்கள், படிகள் சரியாக இருந்தால் மார்க் குறைக்க இடமே இல்லை. ஒரு வாரம் நண்டு விலையைக் கேட்டுக் குறித்து, சராசரியும் திட்ட விலக்கமும் போட்டுப் பாருங்கள். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, வர்க்கமூலம் உட்பட எல்லாம் கையாலேயே.