கர்சரை நகர்த்த எந்த வழி?

நிரல் எழுதும் எடிட்டர்களில் விம் பழகலாமா, ஈமேக்ஸ் பழகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கர்சர் எவ்வளவு தூரம் போகிறது? அதே வரியில் நாலு சொல் தள்ளியா, இருநூறு வரி கீழேயா, வேறு கோப்புக்கா? எந்தப் பயணம் அதிகமோ, அதற்கான விசைகளை முதலில் பழகுங்கள்.

கிட்டத்தில் என்றால் கண்ட்ரோலோடு இடம் வலம் அம்புக்குறியை அழுத்தினால் சொல் சொல்லாகத் தாவும். மேக்கில் ஆப்ஷன். ஷிஃப்டையும் சேர்த்தால் தாவிய இடம் முழுக்கத் தேர்வாகிவிடும். பலருக்கு இதுவே போதும்.

தூரத்துக்கு நான் நம்புவது தேடலைத்தான். போக வேண்டிய இடத்தில் இருக்கும் சொல்லின் மூன்று நான்கு எழுத்தைத் தட்டினால் போதும், பக்கம் பக்கமாக உருட்ட வேண்டாம். 214ஆம் வரியில் பிழை என்று கம்பைலர் சொன்னால், விஎஸ் கோட் எடிட்டரில் கண்ட்ரோல் ஜி அழுத்தி எண்ணைக் கொடுங்கள். வேறு கோப்புக்குக் கண்ட்ரோல் பி, மேக்கில் கமாண்ட் பி.

எழுதுவதைவிடத் திருத்துவது அதிகம் என்றால், எழுத்து விசைகளையே கட்டளையாக்கும் விம் முறைக்கு வரலாம். எடிட்டரை மாற்ற வேண்டியதில்லை. விஎஸ் கோடிலேயே அதற்கு நீட்சி இருக்கிறது. எல்லாரும் கர்சரை இடம், கீழ், மேல், வலம் நகர்த்தும் எச், ஜே, கே, எல்லில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விம்முக்கு முன்னோடியான வி எடிட்டரைப் பில் ஜாய் எழுதிய ஏடிஎம்-3ஏ என்ற பழைய கணினி முனையத்தின் விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த எழுத்துகளின் மேல்தான் அச்சாகியிருந்தன, அவ்வளவுதான் சங்கதி. விம்மின் பலம் வேறு இடத்தில். எஃப் அழுத்தி ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த வரியில் அடுத்து அந்த எழுத்து வரும் இடத்துக்குப் போகும். அரைப்புள்ளி அதற்கும் அடுத்ததைக் காட்டும். நட்சத்திரக் குறி, கர்சர் நிற்கும் சொல்லை மறுபடி எங்கே இருக்கிறதென்று தேடும். தாவிய பிறகு கண்ட்ரோல் ஓ பழைய இடத்துக்கே கூட்டி வரும். அப்புறம் எஃப், நட்சத்திரம் போன்ற நகர்வுகளின் முன்னால் டி சேர்த்தால் அழித்தல், சி சேர்த்தால் மாற்றுதல். இந்தச் சேர்க்கைக்காகத்தான் விம்.

நாள் முழுக்க டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், இருப்பவருக்கு ஈமேக்ஸ் விசைகள் லாபம். வரித் தொடக்கத்துக்குக் கண்ட்ரோல் ஏ, முடிவுக்குக் கண்ட்ரோல் இ. அங்கே கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷில் இவை இயல்பாகவே இருக்கின்றன, மேக்கின் எழுத்துப் பெட்டிகளிலும் வேலை செய்யும். விண்டோஸில் மட்டும் ஜாக்கிரதை: அங்கே கண்ட்ரோல் ஏ எல்லாவற்றையும் தேர்வு செய்துவிடும். சுண்டுவிரல் வலித்தால் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது எச், ஜே, கே, எல் என்பவை க, ப, ம, த ஆகிவிடும். விம்முக்கு அந்தக் கட்டளை புரியாது, ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். அதனால் நிரலுக்கு விம் முறை, கட்டுரைக்குச் சாதாரண எடிட்டர் என்று பிரித்து வைத்திருக்கிறேன். அம்புக்குறிக்கு மொழி கிடையாது.