ஆர்கானிக் முத்திரை: நாம் தப்பாகப் படிக்கும் இடங்கள்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் பச்சை இலை, பெரிய எழுத்தில் ‘ஆர்கானிக்’. திருப்பிப் பார்த்தால், பொருள் பட்டியலில் இரண்டாவதாகவே சர்க்கரை நிற்கிறது. அதுவும் ஆர்கானிக் சர்க்கரைதான். முத்திரை பொய் சொல்லவில்லை. ஆனால் உடம்புக்கு இந்தச் சர்க்கரையும் ஒன்றுதான், அந்தச் சர்க்கரையும் ஒன்றுதான். பொருள் எப்படி விளைந்தது, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை சாட்சி. அதை ஆரோக்கியச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது முதல் தவறு.

அடுத்தது, ‘மருந்தே அடிக்காதது’ என்ற நம்பிக்கை. விதிகள் தடுப்பது பெரும்பாலும் செயற்கை உரங்களையும் செயற்கைப் பூச்சிக்கொல்லிகளையும்தான். பூஞ்சை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை அடிக்கலாம். அதிலுள்ள தாமிரம் மட்கிப் போவதில்லை, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சாமந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிக்கும் அனுமதி உண்டு. அது தேனீயையும் கொல்லும், மீனையும் கொல்லும். எட்டிக்காயும் மரத்தில்தானே காய்க்கிறது?

இதைப் படித்துவிட்டு ‘எல்லாம் ஏமாற்று’ என்று மறுகோடிக்கு ஓட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2012இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். ஆர்கானிக் உணவில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு மட்டும் குறைவாகவே இருந்தது. எதுவானாலும் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்க விதிப்படி ‘ஆர்கானிக்’ என்றால் சேர்த்த பொருள்களில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். ‘ஆர்கானிக் பொருள்களைக் கொண்டு தயாரித்தது’ என்றால் 70 சதவீதமே போதும். உப்பும் தண்ணீரும் இந்தக் கணக்கில் வராது. (உப்பளத்தில் உப்பு ‘விளைகிறது’ என்று நாம் சொல்கிறோம், சட்டத்துக்கு அது வேளாண் விளைபொருள் அல்ல.) ‘இயற்கையான’, ‘பண்ணையிலிருந்து நேராக’ போன்ற சொற்களை யாரும் வயலுக்குப் போய்ச் சோதித்துத் தருவதில்லை. வெறும் இலைப் படமும் அப்படித்தான். சான்றளித்த அமைப்பின் பெயரோ குறியீட்டு எண்ணோ பொடி எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள்.

முத்திரை இல்லாததை எல்லாம் விஷம் என்று ஒதுக்குவதும் தவறுதான். தடைசெய்யப்பட்ட பொருளைக் கடைசியாக அடித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் கழித்து அறுவடையாவதையே அமெரிக்காவில் ஆர்கானிக் என்று விற்கலாம். இடைப்பட்ட காலத்தில் அதே விவசாயி அதே முறையில் விளைவித்தாலும் அந்தச் சொல்லை ஒட்ட முடியாது. சான்றிதழுக்கான கட்டணமும் பதிவேட்டு வேலையும் கட்டுப்படியாகாமல் ஒதுங்கிக்கொள்ளும் சிறு விவசாயிகளும் உண்டு. விளைவித்தவரே எதிரில் நின்று விற்கிறார் என்றால், “கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது?” என்று அவரிடமே கேட்டுவிடலாம்.