பி.எஸ்சி. வேதியியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தபோது, புதிதாக வேலைக்கு வரும் பி.எஸ்சி. பட்டதாரிகளை நேர்காணல் செய்யும் பொறுப்பு எனக்கு இருந்தது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் எப்படித் தயாரிப்பீங்க?"

"4 கிராம் எடுத்து ஒரு லிட்டருக்குக் கரைப்பேன் சார்" என்று பதில் டக்கென்று வரும். கணக்கு சரி. "அதை அப்படியே டைட்ரேஷனுக்கு எடுக்கலாமா?" என்று கேட்டால் பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு; டைட்ரேஷன் என்பது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது.) சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்; காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். தராசு 4 கிராம் காட்டினாலும் அது முழுக்க ஹைட்ராக்சைடு இல்லை. அதனால்தான் ஆக்சாலிக் அமிலம் போன்ற ஒன்றை வைத்து அதன் செறிவை உறுதி செய்கிறோம். கல்லூரியில் இதைச் செய்யாதவர் யாரும் இல்லை. ஆனால் ரெக்கார்டில் மட்டும்தான் அது தங்கியிருக்கிறது.

டைட்ரேஷனில் பக்கத்து மேசைக்காரருக்கு வந்த 19.8 மில்லி லிட்டரைப் பார்த்து மூன்று ரீடிங்கும் 19.8 என்று எழுதுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. கரைசலைச் சொட்டவிடும் அளவுக்குழாயான உங்கள் ப்யூரெட்டில் 20.3 வந்தால் 20.3 என்றே எழுதுங்கள். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். நுனியில் காற்றுக்குமிழி நின்றதா? வெளிர் இளஞ்சிவப்பில் நிறுத்தாமல் நிறம் அடர்ந்த பிறகு மூடினீர்களா? ப்யூரெட்டைத் தண்ணீரில் கழுவியதோடு விட்டு, கரைசலால் அலச மறந்தீர்களா? இந்தத் தேடல்தான் படிப்பு. மருந்து ஆய்வகத்தில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டுமென்றால், பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் காரணமும் எழுத வேண்டும். ரீடிங்கை மாற்றி எழுதிப் பழகிய கை அங்கே நிலைக்காது.

அடுத்து, துணைப்பாடமாக வரும் அலைடு கணிதம். பாஸ் ஆனால் போதும் என்று விடுகிறோம். வினைவேக இயலும் குவாண்டம் வேதியியலும் வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

தேர்வுகளைத் தாமதமாகத் தெரிந்துகொள்வது இன்னொன்று. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரி வாக்கில் நடக்கும். விண்ணப்பம் அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டே எழுதலாம். கடைசி செமஸ்டரில்தான் பலர் அதன் பெயரையே கேள்விப்படுகிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி ஒரு வருடத்தை இழக்கிறார்கள் என்று நினைத்தால் மனது வலிக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கும் இளநிலை மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.

பி.எச்டி. என்றால் சம்பாத்தியமே இல்லை என்று வீட்டில் பயப்படுவார்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்று 2023-லேயே உயர்த்தியாகிவிட்டது. இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள். கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்கள் பி.எஸ்சி. முடித்தவர்களைப் பயிற்சியாளர்களாக எடுக்கும்போது 60 சதவீதம் கேட்பது வழக்கம். 58 வைத்திருப்பவர் விண்ணப்பிக்கவே முடியாது.

கடைசியாக, பட்டத்தின் பெயர். அப்ளைடு, இண்டஸ்ட்ரியல் என்று முன்னொட்டு சேர்ந்த படிப்புகள் நல்லவைதான். ஆனால் தமிழ்நாட்டில் முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ அதற்கு இணையானதாகவோ இருக்க வேண்டும். பட்டத்தின் பெயர் மாறியிருந்தால், இணையானது என்று சொல்லும் அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். தேர்வில் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில் இதனால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் அந்த அரசாணை எண்ணைக் கேட்டு, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.