நொதியை ஆல்ஜினேட் மணிக்குள் அடைப்பது எப்படி: எத்தனால் வேலைக்கு ஒரு செய்முறை

கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருளான ஆல்ஜினேட்டில் மணி உருட்டத் தொடங்கும் முன் எந்த நொதியை உள்ளே வைக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். வைக்கோல், சக்கை போன்ற நார்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்க வேண்டும் என்றதும் பலருடைய கை நேராக, நாரிலுள்ள செல்லுலோஸை வெட்டும் நொதியான செல்லுலேஸிடம் போகிறது. ஆனால் செல்லுலோஸ் ஒரு திடப்பொருள், அது ஆல்ஜினேட் மணியின் நுண்துளை வழியாக உள்ளே வரவே வராது, நொதிதான் நாரைத் தேடிப் போக வேண்டும். அதனால் செல்லுலேஸை வெளியே சுதந்திரமாக விட்டுவிடுங்கள். மணிக்குள் வைக்க ஏற்றது பீட்டா-குளூக்கோசிடேஸ். செல்லுலேஸ் நாரை வெட்டும்போது வருகிற செல்லோபயோஸ் இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சின்னச் சர்க்கரை, மணிக்குள் தாராளமாகப் புகுந்து குளுக்கோஸாகப் பிரிந்து வெளியே வந்துவிடும், அந்தக் குளுக்கோஸைத்தான் ஈஸ்ட் எத்தனாலாக்கும். செல்லோபயோஸ் தேங்கினால் செல்லுலேஸ் மந்தமாகிவிடும் என்பதால், இந்த ஒரு நொதியை வடிகட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தாலே பெரிய லாபம்.

சரி, கரைசலுக்கு வருவோம். 100 மி.லி. தண்ணீரை வேகமாகச் சுழலவிட்டு, 4 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டி கட்டிவிடும், அதை அப்புறம் கரைப்பது பெரும்பாடு. கரைந்ததும் ஓர் இரவு அப்படியே மூடி வைத்தால் காற்றுக்குமிழ்கள் மேலே வந்து போய்விடும். குமிழோடு சொட்டவிட்டால் மணிகள் மிதக்கும், ஒரு பக்கம் மட்டும் இறுகும். மறுநாள் இதில் சம அளவு நொதிக்கரைசலைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள், ஆல்ஜினேட் 2 சதவீதத்துக்கு வந்துவிடும். பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கட்டும், 4-க்குக் கீழே போனால் ஆல்ஜினேட் அமிலமாகித் திரியத் தொடங்கும்.

கால்சியம் குளோரைடு 0.2 மோலார் வேண்டும், டைஹைட்ரேட் என்றால் லிட்டருக்கு 29.4 கிராம். அதை ஐஸில் குளிர வைத்து மெல்லச் சுழலவிட்டு, 21 கேஜ் ஊசி மாட்டிய சிரிஞ்சிலிருந்து ஒரு விரல் நீள உயரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு கரைசலைத் தொட்ட கணமே மேல்தோல் இறுகும், கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் வரும் இறுக்கம் அது. மணிக்கு வால் முளைத்தால் கரைசல் கெட்டியாக இருக்கிறது அல்லது ஊசி மிகவும் தாழ்ந்திருக்கிறது, தட்டையானால் உயரம் அதிகம். உள்மையம் வரை இறுக ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, பிறகு கழுவுங்கள். கழுவிய நீரையும் கால்சியம் கரைசலையும் கொட்டிவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

இப்போது நான் பட்ட பாடு. முதல் தடவை அழகான, ஒரே அளவு மணிகள் வந்தன, அவற்றைக் கையில் கிடைத்த பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) போட்டு வைத்துவிட்டுப் போனேன், காலையில் வந்து பார்த்தால் குடுவைக்குள் கலங்கலான கஞ்சிதான் இருந்தது. பாஸ்பேட் மணியிலிருந்து கால்சியத்தை உருவிவிடுகிறது, சிட்ரேட்டும் இடிடிஏவும் அதையேதான் செய்யும். செல்லுலேஸ் சோதனைக்கு எல்லோரும் வழக்கமாக எடுப்பது சிட்ரேட் பஃபர் என்பதால் இந்தக் குழியில் விழுவது மிகவும் சுலபம். அசிடேட் பஃபர் எடுங்கள், அதிலும் 10 மில்லிமோலார் அளவுக்குக் கால்சியம் குளோரைடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கசிவு. செல்லோபயோஸை உள்ளே விடும் துளை, நொதியையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். இதைத் தடுக்க, இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை 0.5 சதவீத அளவில் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பிஹெச்சை 5-க்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சேர்த்து மணிகளை அரை மணி நேரம் ஊறவிடுங்கள், எதிர்மின்னூட்ட ஆல்ஜினேட்டின் மேல் நேர்மின்னூட்ட கைட்டோசான் போர்வைபோல ஒட்டிக்கொள்ளும். குளூட்டரால்டிஹைடு சேர்த்தால் இன்னும் இறுகும், ஆனால் அது பிடிப்பது அமினோ தொகுதிகளை, ஆல்ஜினேட்டில் அவை கிடையாது, கைட்டோசானிலும் நொதியிலும்தான் உண்டு. அதிகமானால் நொதியே செயலிழக்கும், ஆவியும் கண்ணையும் மூச்சையும் தாக்கும், ஆகவே புகைப்பெட்டிக்குள் கையுறையோடு மட்டுமே எடுங்கள்.

எவ்வளவு நொதி உள்ளே தங்கியது என்பதை எடுத்துவைத்த நீர் சொல்லும். உதாரணமாக 10 மி.கி. புரதம் போட்டு, பிராட்ஃபோர்டு முறையில் (சாயம் சேர்த்துப் புரதத்தை அளப்பது) கழுவுநீரிலும் கால்சியம் கரைசலிலும் சேர்த்து 3 மி.கி. இருந்தால், 70 சதவீதம் தங்கியிருக்கிறது. ஆனால் தங்கியதெல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, செயல்திறனைத் தனியாக அளக்க வேண்டும். நொதி வெட்டினால் மஞ்சள் நிறம் தரக்கூடிய பாரா-நைட்ரோபினைல் குளுக்கோசைடு போட்டு, அந்த மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் பார்ப்பது எளிது. வினையை நிறுத்த சோடியம் கார்பனேட் ஊற்றும் முன் மணிகளைக் கட்டாயம் வெளியே எடுங்கள், இல்லையென்றால் வெண்மையாகக் கால்சியம் கார்பனேட் படிந்து அளவு முழுக்கப் பொய்யாகும். பஃபரில் சேர்த்த கால்சியத்தாலும் கொஞ்சம் படியலாம், அப்படியானால் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் அளங்கள்.

அந்த நேரத்திலேயே கசிவையும் பார்த்துவிடலாம்: மணிகளை எடுத்தபின், கார்பனேட் சேர்க்காத தெளிநீரில் கொஞ்சத்தை 50 டிகிரியில் தொடர்ந்து வையுங்கள். பிஹெச் 5-இல் மஞ்சள் சரியாகத் தெரியாது, ஆகவே அவ்வப்போது அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கார்பனேட் சேர்த்துப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் நொதி வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் முதல் சுற்றில் வரும் நல்ல எண்ணில் கசிந்த நொதியின் பங்கும் ஒளிந்திருக்கலாம்.

பயோடீசலுக்கு, கொழுப்பை வெட்டும் நொதியான லிப்பேஸை இப்படி அடைக்கலாம், ஆனால் நீர் நிறைந்த இந்த மணி எண்ணெயோடு எளிதில் ஒட்டாது, உண்டாகும் கிளிசரால் மணியைப் பூசி அடைக்கும், மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றினால் நொதி கெடும். மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

சுற்றுகளுக்கு இடையே மணிகளைக் கால்சியம் சேர்த்த அசிடேட் பஃபரால் அலசி, அதிலேயே 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைக்க வேண்டாம், பனிப்படிகங்கள் மணியைக் கிழித்துவிடும்.