டைவிங் கம்ப்ரசர் ஃபிட்டிங்: மரை அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் மெஷினை, அதாவது டைவிங் சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசரை, நிறுத்தி, வடிகால் வால்வுகளைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுங்கள். 200, 300 பார் அழுத்தம் ஓடும் லைன் இது. கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் ஃபிட்டிங் தோட்டா மாதிரி பாயும்.

கழற்றியதைத் துடைத்து, வெர்னியர் காலிப்பரால் ஆண் மரையின் (வெளிப்புறம் வெட்டிய மரை) வெளி விட்டத்தை எடுங்கள். நுனியிலும் அடியிலும் அளந்து பாருங்கள். நுனி சிறுத்திருந்தால் அது டேப்பர் மரை. இரண்டும் ஒன்றென்றால் பேரலல்.

குழப்பம் அதிகம் வருவது கால் இன்ச்சில்தான் (இது ஃபிட்டிங்கின் பெயர் அளவு, மரையின் விட்டம் அல்ல). பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) பேரலல் என்றால் விட்டம் சுமார் 13.1 மி.மீ., இன்ச்சுக்கு 19 மரை, கோணம் 55 டிகிரி. என்பிடி (அமெரிக்க டேப்பர் குழாய் மரை) என்றால் சுமார் 13.7 மி.மீ., இன்ச்சுக்கு 18 மரை, 60 டிகிரி. மெட்ரிக் எம்14×1.5 (14 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி) கிட்டத்தட்ட 14 மி.மீ. தேய்ந்த எம்14-ஐ என்பிடி என்று நினைக்க வாய்ப்பு நிறைய, அதனால் விட்டத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மரை கேஜை (ஒவ்வொரு மரை அளவுக்கும் ஒரு பல் வெட்டிய இலை கொண்ட கருவி) மரைமேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பற்களுக்கிடையே கோடாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இலை இல்லை, அடுத்ததைப் போடுங்கள். என்பிடியும் பிஎஸ்பியும் ஓரிரண்டு சுற்று ஒன்றோடொன்று ஏறும், அப்புறம் இறுகும். அங்கே பலம் கொடுக்கவே கூடாது.

புதியதை வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் வேலை அழுத்தத்தையும் பாருங்கள். தண்ணீர்க் குழாய் ஃபிட்டிங் மரையில் பொருந்தினாலும் இங்கே ஆகாது.