கிணற்றில் விழுந்த காட்டு உயிர்: வனத்துறை வந்து சேரும்வரை தோட்டக்காரர் செய்யக்கூடியது

வாளையாறு, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், செம்மணாம்பதி எனத் தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிப் போகும் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் இன்னும் நிறைய உண்டு. மாடு கட்டி இறைத்த காலத்துச் சதுரக் கிணறுகள் அவை. இப்போது விளிம்பெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. இரவில் நாயைத் துரத்தி வரும் சிறுத்தைக்கும், பலாப்பழ வாசத்துக்கு இறங்கி வரும் கரடிக்கும் அங்கே பள்ளம் இருப்பது கண்ணில் படாது.

இவற்றுக்கு நீந்தத் தெரியும். ஆனால் செங்குத்தான சுவரில் பிடி கிடைக்காமல் சுற்றிச் சுற்றி நீந்தி, ஓய்ந்து, மூழ்கிப் போகின்றன. எனவே மேலே தூக்குவதைப் பற்றி யோசிக்கும் முன்பே, காலூன்ற ஓர் இடம் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் மோட்டார் மெயினை அணையுங்கள். விழுந்த வேகத்தில் ஒயர் அறுந்து தண்ணீரில் கிடக்கலாம். பிறகு வனச்சரக அலுவலகத்துக்கும், தீயணைப்பு நிலையத்துக்கு 101 எண்ணிலும் சொல்லுங்கள். எல்லையோரத்தில் ஒரு குழப்பம் வரும்: காடு கேரளத்தில் இருக்கும், கிணறு தமிழ்நாட்டில் இருக்கும். கிணறு எந்த மாநிலத்து நிலமோ, அந்த மாநில வனத்துறைக்கே முதலில் போன் செய்ய வேண்டும். இரண்டு மாநில வனச்சரக அலுவலகங்களின் போன் எண்களையும் மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டில் எழுதி வையுங்கள். என்ன விலங்கு, கிணற்றின் அகலம், நீர்மட்டம் எத்தனை அடியில், ஜேசிபி எவ்வளவு அருகே வர முடியும் என்ற நான்கையும் போனிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் சரியான சாமானோடு வருவார்கள். ஆழம் தெரியவில்லையா? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து வைப்பதை இன்றைக்கே செய்யலாம்.

இனி தெப்பம். பக்கத்தில் வாழைத் தோப்பு இருந்தால் வேறெங்கும் அலைய வேண்டாம். குலை வெட்டிய மரமே போதும். ஆறடி நீளத்தில் ஐந்தாறு துண்டுகளை நெருக்கி அடுக்கி, முனை சீவிய மூங்கில் குச்சிகளைக் குறுக்கே மூன்று இடத்தில் எல்லாத் துண்டுகளையும் ஊடுருவும்படி அடித்து இறக்குங்கள். மேலே தேங்காய் நார்க்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். வாழைப்பட்டையில் நகம் நன்றாகப் பிடிக்கும், வழுக்காது. இரண்டு முனையிலும் தனித்தனிக் கயிறு கட்டுவது முக்கியம். ஒற்றைக் கயிற்றில் தொங்கும் தெப்பம் சுழலும். ஏறப் பார்க்கும் விலங்கை உருட்டி மறுபடியும் தண்ணீரில் தள்ளிவிடும். விலங்கின் தலைக்கு நேரே இறக்காமல் எதிர்ச்சுவர் ஓரமாக இறக்கி, கயிறுகளை மரத்தில் கட்டிவிட்டு விலகிப் போங்கள். தானாக நீந்தி வந்து ஏறும். வாழை இல்லையென்றால் கயிற்றுக் கட்டிலை நான்கு காலிலும் கயிறு கட்டி, நீர்மட்டத்துக்கு அரையடி கீழே நிற்கும்படி தொங்கவிடலாம். நீருக்கு மேலே தொங்கினால், நனைந்து களைத்த உடம்பை அதனால் இழுத்து ஏற்ற முடியாது. டிராக்டர் டியூப் வேண்டாம். ஒரு நகம் பட்டால் காற்று போய்விடும்.

தெப்பத்தில் ஏறிப் படுத்துவிட்டால் உங்களுக்கும் அதற்கும் நேரம் கிடைத்துவிட்டது. சிறுத்தை, மரநாய், காட்டுப்பூனை போன்றவற்றுக்கு அடுத்து ஏணி. இரண்டு மூங்கிலுக்கு இடையே ஓரடிக்கு ஒரு படி, ஒவ்வொரு படியிலும் சாக்கைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். கீழ்முனை நீருக்குள் மூன்றடி இறங்கியும் மேல்முனை விளிம்பைத் தாண்டி இரண்டடி நீண்டும் இருக்கட்டும். பாதியில் நிற்கும் ஏணியால் பயனில்லை. ஏறி வந்த விலங்கு அங்கிருந்து தாவி, மறுபடியும் விழும். கிணறு மிக ஆழமென்றால் ஏணிகளை ஒட்டுப் போடாதீர்கள், ஒட்டு முறியும். அங்கே வனத்துறை கூண்டு இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கெடுப்பது கூட்டம்தான். கிணற்றைச் சுற்றிப் பத்துப் பேர் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டால் விலங்கு ஏணி பக்கமே வராது, பயத்தில் தெப்பத்தை விட்டுத் தண்ணீரில் குதிக்கும். சுற்றிலும் இருநூறு மீட்டருக்கு ஆள் இருக்கக் கூடாது. டார்ச், செல்போன் வெளிச்சம், பட்டாசு எதுவும் வேண்டாம். நாய்களைக் கட்டுங்கள். காடு இருக்கும் திசையில் யாரும் நிற்க வேண்டாம். பகலில் மீட்க முடியாத சிறுத்தை, இருட்டிய பிறகு ஏணி வழியே தானே ஏறிப் போய்விடுவது உண்டு. கல்லெறிபவரைத் தடுப்பதும் மீட்பு வேலைதான். விலங்கு உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும்போது நாம் மேலிருந்து பயமுறுத்தலாகாது.

‘மயக்க ஊசி போடுங்கள்’ என்று அதிகாரிகளை நெருக்கவும் கூடாது. மயங்கிய உடம்பு நீந்தாது. 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் அருகே வெள்ளநாட்டில் கிணற்றில் விழுந்த கரடி, மயக்க ஊசி போட்ட பின் வலையிலிருந்து நழுவி மூழ்கி இறந்தது. தண்ணீருக்குள் இருக்கும் விலங்குக்கு ஊசி எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்தக் கரடியே சாட்சி.

யானை விழுந்தால் முழுக்க முழுக்க வனத்துறை வேலை. யானைக் கூட்டம் அருகிலேயே நிற்கும், தாய் இருந்தால் எவரையும் நெருங்க விடாது. வழக்கமான வழி, காட்டைப் பார்த்த பக்கத்தை ஜேசிபியால் சரிவாக வெட்டுவது. பத்தடி ஆழத்துக்கு இருபதடி நீளமாவது இருந்தால்தான் யானையால் ஏற முடியும். வெளியிலிருந்து கிணற்றை நோக்கி வெட்டிவந்து, கடைசித் தடுப்பைக் கடைசியில் உடைப்பார்கள்; இல்லாவிட்டால் மண் யானைமேல் சரியும். 2025 ஜனவரியில் மலப்புறம் மாவட்டம் ஊர்ங்ஙாட்டிரியில் நள்ளிரவில் விழுந்த கொம்பன் இப்படித்தான் அடுத்த இரவு கரையேறியது. தோட்டக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி, வண்டி வர வேலியைப் பிரித்து வழிவிடுவது. பயிர்ச் சேதத்தை வெட்டத் தொடங்கும் முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இழப்பீடு கேட்கும்போது உதவும்.

புள்ளிமான் வேறு மாதிரி. அடிபடாமல் மேலே வந்தும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ செத்துப்போகும். துரத்தலாலும் பயத்தாலும் தசைகள் சிதைவதுதான் காரணம். அதைப் பிடிக்க நேர்ந்தால் உடனே கண்ணைத் துண்டால் கட்டுங்கள், மூக்கு திறந்திருக்கட்டும். பேசாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். முயல், கீரி, உடும்புக்குச் சாக்கு சுற்றிய ஒரு நீளக் கழியைச் சாய்த்து வைத்தால் போதும். தண்ணீர்ப் பாம்புக்கு மீட்பே தேவையில்லை, கிணறு அதற்கு வீடு.

வற்றிய கிணற்றுக்குள் மட்டும் யாரும் இறங்க வேண்டாம், உள்ளே இருப்பது மான்குட்டியாக இருந்தாலும். அடியில் விஷவாயு தங்கியிருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றப் போனவரும் விழுவார். சுவாசக் கருவியோடு தீயணைப்புக்காரர்கள் இறங்கட்டும்.

மீட்ட குட்டியை வீட்டில் வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குட்டிக்கும் அது நல்லதல்ல, தாய் தேடிக்கொண்டிருக்கும்.

விழாமல் தடுக்க நாலடிக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். அதற்குக் காசு இல்லாத வருடம், விளிம்பைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரை வெட்டிப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, நான்கு பக்கமும் முள்வேலி போடலாம். கூடவே மூங்கில் ஏணி ஒன்றைக் கிணற்றிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க ஏணியையும் இறக்கிக் கட்ட வேண்டும். தண்ணீரில் ஊறும் நார்க்கயிறும் நாளாக ஆக இற்றுப்போகும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வைகாசியில் ஒரு முறை புதுக்கயிறு மாற்றுங்கள்.